நாடகத்துக்குப் பின்னால் இருந்த வீடு

இப்போதும் எந்த ஒலிப்பதிவைக் கேட்டாலும் முன்னால் பேசுகிறவரிடம் என் காது நிற்பதில்லை. அவரைத் தாண்டிப் பின்னால் போய்விடும். யார் நடக்கிறார்கள், எந்தக் கதவு சாத்தப்படுகிறது, வாளி எங்கே கிணற்றுக் கட்டில் இடிபடுகிறது. செய்தி வாசிப்பவர் மூச்செடுக்கும் சின்ன இடைவெளியில்கூட யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பேன். நாடு மாறி, ஊர் மாறி, வாடகை வீடு வீடாக அலைந்தபின்னும் இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. கிளிநொச்சியில் தொற்றிய வருத்தம் இது.

போரை நிறுத்தி வைத்திருந்த சமாதான காலம். ஏ ஒன்பது வீதி திறந்திருந்தது. கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, சைக்கிள் திருத்துகிற கடைக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட இன்ரர்நெற் கடை ஒன்றில் வேலை செய்தேன். மூன்று கணினிகள். மூன்றுக்கும் பழைய சேலையில் தைத்த உறைகள். உறையை மீறியும் புழுதி விசைப்பலகைக்குள் இறங்கிவிடும். சில எழுத்துகளை அழுத்தினால் நறநறவென்று பல்லைக் கடிக்கும். பின்பக்கம் ஜெனரேற்றர். அது நின்றால் மூன்று திரைகளும் ஒன்றாகக் கண்ணை மூடும். சனம் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்க வரும். பலகையால் அடைத்த பெட்டிக்குள் இருந்து ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அது கடல் தாண்டிப் போய் மறுமொழி கொண்டு வரும்வரை வாய் திறந்தபடி காத்திருக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கும், தெரிந்தும் கை நடுங்குகிறவர்களுக்கும் நான் தட்டச்சுச் செய்து கொடுப்பேன்.

ஆள் இல்லாத நேரத்தில் நான் ஒரு நாடகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் ஞாயிறு மத்தியானங்களில் வானொலியில் போன தொடர். ரெயில் எப்போதாவது நிற்கிற ஒரு சின்ன ஸ்ரேசன். ஒரு ஸ்ரேசன் மாஸ்ரர், வாய் நீண்ட அவர் மனைவி, எதற்கும் கொட்டாவி விடுகிற ஒரு சுமை தூக்கி. மாஸ்ரரின் தங்கை வருகிறாள் என்று ஒவ்வொரு கிழமையும் தந்தி வரும். ஒவ்வொரு கிழமையும் ரெயில் வரும், யார் யாரோ இறங்குவார்கள், அவள் இறங்கமாட்டாள். அவ்வளவுதான். அதற்கே அந்த நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு சைக்கிள் ஓடாது.

தேடப் போன இடத்தில் ஒரு தளம் கிடைத்தது. ரொறன்ரோவில் இருந்த ஒருவர் அந்த நாடகத்துக்கென்றே கட்டியிருந்தார். 'ரசிகர் மன்றம்' என்று மேலே எழுதியிருந்தது. உறுப்பினர்கள் ஒரு கல்யாண வீட்டுப் பந்திக்குக் காணாது. கனடாவில் சிலர், லண்டனில் சிலர், நோர்வேயில் ஒரு அக்கா. எழுத்துரு இறக்காதவர்களுக்கு எங்கள் தமிழ் பூச்சி ஊர்ந்ததுபோலத் தெரியும். அப்படித் தெரிகிறது என்று முறைப்பாடு சொல்வதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது. நான் முதல் வரியாக, கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன் என்று போட்டேன். கொஞ்ச நாள் ஒருவரும் மூச்சு விடவில்லை. நம்பவில்லைப் போல. பிறகு எல்லோரும் ஒன்றாக வந்து விழுந்தார்கள். அங்கே கறண்ட் இருக்கிறதா, ரேடியோ இருக்கிறதா, நாடகத்தை நினைவு வைத்திருக்கிற சனம் இருக்கிறதா. கறண்ட் இல்லை, சனம் இருக்கிறது என்று எழுதினேன்.

கிளிநொச்சி ஸ்ரேசனைப் போய்ப் பார்த்து எழுதச் சொன்னார்கள். போனேன். மேடையின் விளிம்பில் வேப்பங்கன்று வெடித்திருந்தது. தண்டவாளம் இல்லை; சிலிப்பர்க் கட்டைகளும் இல்லை. இரண்டும் பதுங்குகுழிகளுக்கு மேல்மூடியாகப் போய்ப் பல காலம். ரெயில் போன தடத்தில் மாடு கட்டியிருந்தார்கள். வன்னியில் அப்போது பத்து வயதுப் பிள்ளைக்கு ரெயில் என்றால் படம்தான். இதை எழுதியபோது நோர்வே அக்கா உடனே பதில் போட்டா.

"அப்ப மாஸ்ரருக்கு இனி முழுநாளும் லீவுதான். மனுசி அவரை வீட்டிலை வைச்சுச் சாப்பிட்டிருப்பா."

அவா அப்படித்தான். நாங்கள் எல்லோரும் நாடகத்தைப் பற்றி எழுதினோம். அவா மட்டும் அந்த ஸ்ரேசனில் குடியிருந்தா.

மெல்ல மெல்ல, கணினியைத் தொடாத உறுப்பினர்களும் மன்றத்துக்குச் சேர்ந்தார்கள். பெட்டிக்குள் கதைக்க முறை பார்த்து வாங்கில் குந்தியிருக்கிறவர்களிடம் நான் நாடகக் கதை எடுப்பேன். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, 'பரந்தன் ஐயா சொல்கிறார்', 'உருத்திரபுரத்து மாமி சொல்கிறா' என்று போடுவேன். மறுநாள் லண்டனிலிருந்து அந்த மாமியோடு சண்டைக்கு வருவார்கள். மாமி அடுத்த முறை வரும்போது நான் வாசித்துக் காட்ட, மாமி மடியைச் செருகிக்கொண்டு மறுமொழி சொல்லுவா. இந்தச் சண்டைகள்தான் மன்றத்தை வளர்த்தன.

அப்படிச் சேர்ந்தவர்தான் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வவுனியாவில் புடைவைக் கடை வைத்திருந்தவர். பாதை திறந்தபின் ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி மூட்டை கொண்டுவந்து கிளிநொச்சிக் கடைகளுக்குக் கொடுப்பார். பிறந்து வளர்ந்தது முல்லைத்தீவில். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வடக்கைவிட்டு வெளியேற்றியபோது, கையில் பிடிக்கக்கூடியதை மட்டும் பிடித்துக்கொண்டு புத்தளம் போனவர். அங்கே தென்னோலைக் கொட்டிலில், முதல் மாரியிலேயே, அவருடைய மூத்த மகள் காய்ச்சலில் போய்விட்டாள். இதை ஒரே ஒருமுறை சொன்னார், துணியை முழம் போடுகிற சாதாரணக் குரலில். அதன்பிறகு எங்களுக்குள் நாடகம் மட்டும்தான்.

அந்த நாடகத்தை அவர் கசெற்றில் பிடித்து வைத்திருந்தவர். அப்போது எல்லோரும் பிடித்த முறை ஒன்றுதான். ரேடியோவை ஒரு கதிரையில், ரேப் ரெக்கோடரை எதிர்க் கதிரையில், சம்பந்தம் பேச வந்தவர்களைப் போல முகத்துக்கு முகம் வைப்பது. வயர் இல்லை. ரேடியோ பேச, ரெக்கோடர் கேட்கும். வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. இருமல்காரரைக் கிணற்றடிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் ஒரு வீட்டை எவ்வளவு நேரம் மூடி வைக்கலாம்? கோழி கத்தும், தாச்சியில் கடுகு வெடிக்கும், யாரோ யாரையோ "உஸ்" என்பார்கள். எல்லாம் நாடாவில் ஏறிவிடும். இடப்பெயர்வுகளில் அரிசி மூட்டைக்குள் பொலித்தீன் சுற்றிக் காப்பாற்றிய கசெற்றுகளை எனக்குக் கொண்டு வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சத்தங்களுக்காக வெட்கப்பட்டார்கள். குறை நினைக்காதையுங்கோ, அது எங்கடை சேவல் என்பார்கள்.

நான் அவற்றைக் கணினியில் ஏற்றி ரொறன்ரோவுக்கு அனுப்புவேன். ஒரு பகுதி போய்ச் சேர ஒரு மத்தியானம் முழுக்கப் பிடிக்கும். ரொறன்ரோ அண்ணை அதைக் கழுவித் துடைத்துத் தளத்தில் போடுவார். அதற்கென்று ஏதோ மென்பொருள் வைத்திருந்தார். சேவல் போகும், கடுகு போகும், சீறல் போகும். மென்பொருளுக்குப் பிடிபடாததை அவரே கையால் வெட்டி ஒட்டுவார். மன்றத்தில் எல்லோரும் மாலை போடாத குறை. நேற்று ஒலிபரப்பானதுபோல இருக்கிறது என்பார்கள். உண்மைதான். அந்த ஸ்ரேசனைச் சுற்றி ஒரு வீடுகூட இல்லாததுபோல இருக்கும்.

தங்கை கடைசியில் இறங்குகிறாளா? இதுதான் மன்றத்தின் தீராத வழக்கு. அந்தப் பகுதி ஒருவரிடமும் இல்லை. நானாவிடம் ஒருநாள் கேட்டேன்.

"இருந்தது தங்கச்சி. முரசுமோட்டையிலை நெல்லு வாங்கப் போனனான், அங்கை ஒராள் இரவல் கேட்டது. கேட்டுப்போட்டுத் தாறன் எண்டவர். இன்னும் கேட்டு முடியேல்லைப் போல."

அடுத்த மாதம் கடல் வந்தது. முல்லைத்தீவுக் கரை முழுதும் ஒரு காலையில் துடைத்ததுபோலப் போனது. நோர்வே அக்காவின் வீடும் அந்தக் கரையில்தான். தாய் கோயிலுக்குப் போனதால் தப்பினா. வீட்டோடு நின்ற தங்கச்சியும், சுவரில் இருந்த படங்களும், பெட்டியில் இருந்த படங்களும் போயின. இதை ரொறன்ரோ அண்ணை இரண்டு வரியில் தளத்தில் போட்டார். மாதக்கணக்காக ஒருவரும் நாடகம் கதைக்கவில்லை. அக்கா எழுதவே இல்லை. பிறகு ஒருநாள் திரும்பி வந்து, மாஸ்ரரின் மனைவி புட்டுக்குத் தேங்காய் காணாமல் சண்டை பிடிக்கிற பகுதியைத் திரும்பப் போட முடியுமா என்று மட்டும் கேட்டா.

அவா திரும்பி வந்ததற்கு ஏதாவது செய்யவேண்டும்போல இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு முரசுமோட்டைக்குப் போனேன். வயல் வெட்டி முடிந்திருந்தது. இரண்டு மூன்று வீட்டில் கேட்டதும் ஆளைக் காட்டினார்கள். வைக்கோல் போர் கட்டிக்கொண்டு நின்ற அவர், நான் விசயத்தைச் சொன்னதும் உள்ளே போய், உரப் பைக்குள்ளிருந்து கசெற்றை எடுத்து வந்தார். எத்தனை இடப்பெயர்வு, எத்தனை ஊர், எல்லாம் அந்தப் பைக்குள் இருந்தபடி பார்த்து வந்திருக்கிறது.

"திருப்பிக் குடுத்திருந்தால் அவரின்ரை சாமானோடை இதுவும் போயிருக்கும் பிள்ளை. இரவல் வாங்கினதாலைதான் மிஞ்சினது. நானாவுக்குச் சொல்லுங்கோ, வட்டி கேக்க வேண்டாமெண்டு."

கடைக்கு வந்து போட்டுப் பார்த்தேன். நாடாவின் சீறல். பிறகு ரெயில் வருகிறது. மாஸ்ரர் மேடையில் நிற்கிறார். பெட்டிக் கதவுகள் திறக்கின்றன. ஒரு பெருமௌனம். அந்த மௌனத்துக்குள், நாடகத்துக்கு வெளியே, ரேடியோவுக்கு வெளியே, முல்லைத்தீவில் ஒரு வீட்டுக்குள், ஒரு சின்னப் பெண்பிள்ளை கேட்டது.

"அவா இறங்கிட்டாவோ?"

யாரோ "உஸ்" என்றார்கள். பிள்ளை சிரித்தது. வாயைப் பொத்தியும் விரலுக்குள்ளால் கசிகிற சிரிப்பு. மாஸ்ரர் ஏதோ சொல்லத் தொடங்க, நாடா முடிந்தது.

ரொறன்ரோ அண்ணைக்கு அந்தக் கிழமை மகளின் கல்யாணம். நீங்களே போட்டுவிடுங்கோ தங்கச்சி, ஆறுதலாகக் கழுவுவம் என்று எழுதியிருந்தார். கழுவத் தெரியாத நான் அப்படியே போட்டேன். கீழே, முல்லைத்தீவில் நானா ஒருவர் பிடித்தது என்று ஒரு குறிப்பு. மறுநாள் நோர்வே அக்காவின் பதில் வந்திருந்தது. நானாவின் வீடு எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவு. எங்களிடம் ரேடியோ இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் தங்கச்சியும் அங்கேதான் கேட்போம். பிறகு கொஞ்சம் இடம் விட்டு, ஒரு வரி: இது என் தங்கச்சி.

மன்றத்தில் சிலர் கேட்டுவிட்டு அழுததாகப் போட்டார்கள். தங்கை இறங்கினாளா, நாடா ஏன் முடிந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தீராத வழக்கு அன்றோடு தீர்ந்துபோனது.

கல்யாணம் முடிந்து வந்த ரொறன்ரோ அண்ணை, கீழே எழுதியிருந்தது எதையும் வாசிக்காமல், தன் வழமையான வேலையைச் செய்தார். கோப்பை எடுத்துச் சீறலை நீக்கி, அந்த மௌனத்தை ஒட்டு தெரியாமல் வெட்டி, பழையதை அழித்துப் புதியதைப் போட்டார். மிக நன்றாகச் செய்திருந்தார். நான் காலையில் கடை திறந்து, உறையை எடுத்து, தளத்தைத் திறந்தபோது அக்காவின் வரி மட்டும் மேலே நின்றது.

"தங்கச்சியைக் காணேல்லை."

ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. தேத்தண்ணிக் கடையில் யாரோ கரண்டி ஆட்டினார்கள். எங்கள் நாட்டில் தினமும் யாரோ யாரைப் பற்றியோ சொல்கிற வசனம். அது ஒரு நாடகத் தளத்தின் நெற்றியில் ஏறி நிற்கிறது.

என் கணினியில் கழுவாத கோப்பு இருந்தது. அன்று மத்தியானம் முழுக்கத் திரும்ப ஏற்றினேன். ரொறன்ரோ அண்ணை பொதுவில் மன்னிப்புக் கேட்டு, அதுவரை கழுவிய எல்லாவற்றையும் திரும்பவும் கேட்டார். இனி எதையும் துடைப்பதில்லை என்று மன்றத்தில் சட்டம் ஆனது. அனுப்பினேன். சேவல்கள் வந்தன. கடுகு வந்தது. லண்டனிலிருந்து ஒருவர், மூன்றாம் பகுதியில் துலா கிரீச்சிடுவது தன் மாமன் வீட்டுக் கிணறு என்றார். இன்னொருவர், பின்னால் இருமுகிறவர் தன் ஐயாவாக இருக்குமோ என்று கேட்டார். அந்த வீட்டுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. ஐயாவின் இருமலா, இருக்கும் என்றார்கள். நாடக ரசிகர் மன்றம், முன்னால் நடக்கிற நாடகத்தை விட்டுவிட்டு, பின்னால் இருந்த வீடுகளுக்குள் நடமாடத் தொடங்கியது.

நோர்வே அக்கா என்னிடம் ஒன்று கேட்டா. அம்மா அங்கே தகரக் கொட்டிலில் இருக்கிறா. அவாவிடம் பிள்ளையின் ஒரு படம்கூட இல்லை. இதைக் கொண்டுபோய்க் கேட்கவைக்க முடியுமா. ஓம் என்று எழுதினேன்.

போவதற்கு முன்பே நானா கடைக்கு வந்தார். கசெற் கிடைத்தது, வட்டி வேண்டாமாம் என்றேன். சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினார். ரெயில் வரும்போது விரலால் மேசையில் தாளம் போட்டார். பிறகு தாளம் நின்றது. ஹெட்போனைக் கழற்றி அதை ஒருதரம் பார்த்தார், உள்ளே யாரும் இருக்கிறார்களா என்பதுபோல. திரும்ப மாட்டினார். திரும்பவும் போடச் சொல்லிக் கையால் காட்டினார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்ரை மூத்தவ," என்றார்.

நோர்வே அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். இரண்டு பிள்ளைகளும் ஒரே வயது, ஒரே பாயில் இருந்து கேட்பார்கள், ஒரே கதை கதைப்பார்கள் என்றார். அக்காவின் தாய்க்கே சில நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டால் எது யார் என்று தெரியாதாம். ஆனால் தனக்குத் தெரியும் என்றார். சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"சொல்லாதேங்கோ தங்கச்சி. கடல் எல்லாத்தையும் கொண்டுபோட்டுது அவைக்கு. எனக்கு மகளின்ரை சட்டை ஒண்டு இருக்கு. இந்தக் கசெற்றையும் அந்தத் தாயிட்டையே குடுங்கோ."

பரந்தனில் பஸ் ஏறினேன். புதுக்குடியிருப்புத் தாண்டி முல்லைத்தீவு போய்ச் சேர மத்தியானம். கரையிலிருந்து தள்ளி வரிசையாகத் தகரக் கொட்டில்கள், உள்ளே அடுப்புக்குள் இருப்பதுபோல. தாய் வாசலில் நிழல் விழுந்த இடத்தில் இருந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தா. மகள் அனுப்பினது என்றதும் இருக்க இடம் விட்டா. புதுப் பற்றறி போட்டுக் கொண்டுபோன ரேப்பை முன்னால் வைத்து அழுத்தினேன். மாஸ்ரரின் குரல் வந்ததும், இந்த மனுசன் இன்னும் உயிரோடை இருக்கிறாரோ என்று கேட்டு, கல் பொறுக்குவதை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தா. பிள்ளை பேசியதும் கை சுளகில் நின்றது.

திரும்பப் போடச் சொன்னா. போட்டேன். இம்முறை ரேப்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தபடி கேட்டா.

"நானா கேட்டவரோ இதை?"

"ஓம் அம்மா, கேட்டவர்."

"என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"ம்," என்றா. அரிசியை ஒருதரம் புடைத்தா. உமி காற்றில் போனது. "அவளெண்டு எழுதிவிடு பிள்ளை. அம்மா கேட்டவா, அவள்தான் எண்டு எழுது."

கசெற்றை அவாவிடமே விட்டுவிட்டு வந்து எழுதினேன். அக்கா பதிலுக்கு நீளமாக எதுவும் எழுதவில்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகமுன் ஒருதரம் கேட்பதாக மட்டும் பிறகொரு நாள் எழுதினா. அங்கே பனி கொட்டுமாம். கேட்டுவிட்டுத்தான் சப்பாத்துப் போடுவாவாம்.

அடுத்த வருசம் போர் திரும்பத் தொடங்க, பாதை பூட்டியது. நானா வரவில்லை. மன்றம் நடந்தது, ஆனால் எழுத்துக்குள் வேறு ஏதோ நடமாடியது. நாடகக் கதைக்கு நடுவே, இண்டைக்கு அங்கே பிளேன் வந்ததோ என்று கேட்பார்கள். நானும் பதிலில் முதல் வரியாக, இருக்கிறன் என்று போட்டுவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். அதைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே எழுதத் தொடங்கினார்கள். லண்டன், இருக்கிறன். ரொறன்ரோ, இருக்கிறன். ஆபத்தே இல்லாத ஊர்களிலிருந்தும் தங்களை எண்ணிக் காட்டினார்கள். ஷெல்லடி கிட்ட வர, ஒருநாள் கடை முதலாளி கணினிகளை ட்ரக்ரர் பெட்டியில் ஏற்றினார். நான் எழுதி அனுப்பாத வரி ஒன்று அந்தத் திரைக்குள் இருந்தபடியே கிழக்கே போனது.

நாங்களும் கிழக்கே போனோம். அந்த மாதங்களை எழுத என்னால் ஆகாது. எழுதப் போனால் காது முந்திக்கொள்கிறது. ஒன்று மட்டும். கூடாரமாகக் கட்டிய ஒரு தறப்பாளின் கீழ் இருந்தபோது, பக்கத்துத் தறப்பாளில் யாரோ பற்றறி முடிகிற ரேப்பில் ஏதோ போட்டார்கள். குரல்கள் இழுபட்டு, தடித்து, கடைசியில் ஆண் எது பெண் எது என்று தெரியாமல் நின்றன. எந்த நாடாவோ. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்தபின், வவுனியா அகதி முகாமில், தண்ணீர் வரிசையில், முன்னால் நின்றவா திரும்பினா. அக்காவின் தாய். பாதி ஆளாகியிருந்தா. என்னைக் கட்டிப் பிடிக்கவில்லை, அழவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கசெற் போயிட்டுது பிள்ளை, பையோடை போயிட்டுது என்றா. அதற்காக என்னிடம் கணக்குச் சொல்லவேண்டும் என்று அவ்வளவு தூரம் சுமந்து வந்ததுபோல.

முள்ளுக்கம்பிக்கு வெளியே நாள்தோறும் சனம் வந்து நிற்கும், தங்கள் ஆட்களைத் தேடி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் கத்துவதால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. அப்படி ஒரு பகலில், வெளியே வெள்ளைத் தொப்பி ஒன்று தெரிந்தது. நானா. சவர்க்காரம், பாண், சீனி எல்லாம் ஒரு பையில். என்னைத் தேடி வந்திருந்தார். தாயையும் அழைத்து வந்தேன். தொண்ணூறில் நானா வெளியேறிப் போனபின் அவர்கள் இருவரும் முகத்துக்கு முகம் நிற்பது அன்றுதான். முதலில் இவர் அகதியானார், இப்போது நான் என்பதுபோல தாய் ஒருதரம் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தா.

கசெற் போய்விட்டதை அவரிடமும் சொன்னா. அவர் சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்தார். மருமகனைக் கொண்டு தளத்திலிருந்து அதில் ஏற்றி வைத்திருந்தார். கம்பிக்கு இடையால் கையை உள்ளே விட்டு, தாயின் காதோடு பிடித்தார். சுற்றிவர அவ்வளவு சத்தம். ஆனாலும் எனக்கும் கேட்டது. ரெயில், கதவுகள், மௌனம். பிள்ளை கேட்டது. பிள்ளை சிரித்தது.

தாய் கண்ணை மூடியிருந்தா. திறந்தபோது குரல் தெளிவாக இருந்தது.

"இது உங்கடை பிள்ளை, தம்பி. அண்டைக்கே தெரியும் எனக்கு."

நானாவின் கை கம்பிக்குள் அப்படியே நின்றது. பிறகு ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. தாயே சொன்னா, நோர்வேயில் இருக்கிறவள் தனியப் பிள்ளை, அவளுக்குப் பிடிக்க ஏதாவது ஒன்று வேணுமெல்லோ என்று. நீங்கள் விட்டுத் தந்தது விளங்கினது, அதாலைதான் எடுத்தனான் என்று. நானா தலையை ஆட்டினார். சட்டைக் கை முள்ளில் மாட்டியிருந்ததை நான்தான் எடுத்துவிட்டேன். இன்னொருக்காப் போடுங்கோ என்றா தாய். இம்முறை இரண்டு பேரும் குனிந்து, ஒரே தொலைபேசிக்கு இரண்டு பக்கமும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள்.

அன்று அவர் போனபின் தாய் என்னிடம் சொன்னா, நான் இருக்கும்வரை அவளுக்குச் சொல்லாதே, நான் போனபிறகு சொல்லு, வேறை ஆரின்ரையோ பிள்ளையை அவள் காலம் முழுக்க வைச்சிருக்கக் கூடாது என்று.

தாய் பிறகு பல வருசம் இருந்தா. முல்லைத்தீவுக்கே திரும்பிப் போய், பழைய வளவில் ஒரு சின்ன வீட்டில் இருந்து, போன வருசம் போனா. மன்றம் எப்போதோ மூடிவிட்டது. ரொறன்ரோ அண்ணையும் இல்லை. தாயின் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை பொறுத்து, நான் நோர்வேக்கு எழுதினேன். எல்லாவற்றையும், சுளகு, கம்பி, தாய் சொன்ன சொல், ஒன்றும் விடாமல். இதை எப்போதாவது எழுதி வெளியிட்டால் சம்மதமா என்றும் கேட்டேன். அனுப்பிவிட்டு வீட்டுக்குள் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு பிள்ளையை அவாவிடமிருந்து இரண்டாம் முறை எடுத்துவிட்டேனோ என்று இருந்தது.

பதில் வரக் கொஞ்சக் காலம் எடுத்தது. எழுதுங்கோ என்று இருந்தது. அடுத்த வரியில், இண்டைக்கும் கேட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன் என்று இருந்தது. அதற்கும் கீழே ஒரு கேள்வி. நானாவின் மகளை அந்த நாளில் தாங்கள் வீட்டுப் பெயரில்தான் கூப்பிடுவார்களாம், முழுப் பெயர் நினைவில் வருகுதில்லையாம், கேட்டுச் சொல்ல முடியுமா.

நானாவுக்கு எடுத்தேன். வயது போய்விட்டது, தொலைபேசியில் யார் என்று இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. கேள்வியைச் சொன்னேன். என் காது வழக்கம்போல அவரைத் தாண்டிப் போனது. பின்னால் தையல் மெசின் ஒன்று ஓடியது. யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு அவர் மகளின் பெயரைச் சொன்னார், தகப்பன் பெயரோடு சேர்த்து, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொல்வதுபோல. எனக்குச் சரியாகக் கேட்டதா என்று கேட்டு, இன்னொருதரமும் சொன்னார்.